நகர்க் கொள்கையும் கட்டடக் கலைஞர் கடனும்

மனையொன்றை எழுப்பும் கட்டடக் கலைஞன் அம்மனைக்கு உரியவரது விருப்பத்தையும் பொருள்வளத்தையும் கேட்டறிந்தே தன் தொழிலைத் தொடங்குகின்றான். அறைகள் எத்தனை, முற்றம் எங்கே, கிணறு எங்கே என்பனவற்றை முடிவுசெய்ய ஒருவர் உளர். ஆயின், அம்மனையின் வாயிலுக்கு முன்னே செல்லும் தெருவுக்கும், மழைநீரைக் கொண்டுசெல்லும் வாய்க்காலுக்கும், ஊர்க்கோடியிலுள்ள குளத்துக்கும் உரியவர் யார்? ஊரார் அனைவரும் உரியவர் என்பதே விடை. அனைவருக்கும் உரியனவாய் இருத்தலினாலேயே அவை பலவேளைகளிற் கேட்பாரற்றுப் போகின்றன. தெருவின் அகலத்தையும் வாய்க்காலின் போக்கையும் குளக்கரையின் எல்லையையும் ஊருக்காக முடிவுசெய்யும் பொறுப்பு ஆட்சி மன்றங்களைச் சார்ந்தது. அவ்வாறு செய்யப்படும் முடிவுகளின் தொகுதியையே நகர்க் கொள்கை என்கின்றோம்.

அம்முடிவுகள் பிறக்கும் இடத்திலே கட்டடக் கலைஞனுக்கு என்ன வேலை? தன்னை அமர்த்தியவருக்கு வீட்டை வரைந்து கொடுத்துவிட்டு அவன் ஒதுங்கிக்கொள்வது முறையா? அன்றி, ஊரவையின் முன்சென்று, இது தகும், இது தகாது என எடுத்துரைப்பது முறையா? இவ்வினாவை வரலாற்றிற் கண்ட சில எடுத்துக்காட்டுகளைக் கொண்டு ஆராய்ந்து, அவற்றாற் பெறப்படும் படிப்பினை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வெல்லாவெளியைத் தலைமையிடமாகக் கொண்ட போரதீவுப்பற்றுக்கு எவ்வாறு பொருந்தும் என நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நம் முன்னோர் மரபிலே இவ்வினா எழுந்ததில்லை எனலாம். மயமதம், மானசாரம் என்னும் வடமொழிச் சிற்பநூல்கள் மனையிலக்கணம் கூறுவதோடு அமையவில்லை. நிலத்தைச் சோதித்தறியும் முறை, ஊர்களின் வகை, தெருக்களின் ஒழுங்கு, கோயிலும் நீர்நிலையும் அமையவேண்டிய திசை என்பனவற்றையும் அவை விரித்துரைக்கின்றன. அவற்றின்படி ஊரமைப்பும் மனையமைப்பும் ஒரே கலையின் இரு கூறுகள். மதுரை மாநகரிலே திருக்கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்னும் பெயர்களாலான வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து கிடத்தல் இவ்வெண்ணத்துக்குக் கண்கூடான சான்று. அந்நூல்கள் வருணத்துக்கொரு தெருவெனவும் வகுத்தன. அதனை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும், வீட்டை அமைப்பவன் ஊரையும் எண்ணவேண்டும் என்ற அவற்றின் அடிப்படைக் கருத்துப் போற்றத்தக்கது. அக்காலத்தே அரசனின் ஆணை ஒன்றே போதுமாயிருந்தது. இக்காலத்திலோ சட்டமும் சபையும் வாக்குரிமையும் வந்துவிட்டன. ஆதலின், அரசனுக்குச் சொல்லிய அறிவுரையைக் கட்டடக் கலைஞன் இன்று சபைக்கும் மக்களுக்கும் சொல்லவேண்டியவனாகின்றான்.

இலங்கையிலே இதற்கான சட்டங்கள் படிப்படியாக வளர்ந்தன. 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், கட்டடம் எழுப்புவோர் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியைப் பெறவேண்டும் என விதித்தது. தெருவுக்கும் சுவருக்கும் இடையே விடவேண்டிய தூரம், காற்றும் ஒளியும் புகுவதற்கான திறந்தவெளி ஆகியன அதன் கவலைகள். தனித்தனிக் கட்டடங்களை ஒழுங்குசெய்வதன்றி, ஊர் முழுவதையும் ஒருங்கே எண்ணித் திட்டமிடும் வழியை 1946 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் வகுத்தது. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகார சபையைத் தோற்றுவித்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தாற் பிரதேச சபைகள் பிறந்தன. கிராமப்புறத்துத் தெருக்களும் பொதுச் சுகாதாரமும் பொதுவசதிகளும் அவற்றின் பொறுப்பாயின.

இச்சட்டங்களின் நடைமுறையிலே நாம் உற்றுநோக்கவேண்டிய படி ஒன்றுண்டு. ஊர்த் திட்டமொன்று முதலில் வரைவாகவே ஆக்கப்படுகின்றது. அவ்வரைவு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவர்தம் கருத்துகளும் ஆட்சேபங்களும் பெறப்பட்ட பின்னரே உறுதிபெறுதல் முறை. உறுதிபெற்ற திட்டம் கல்லிற் பொறித்த எழுத்துப் போன்றது, அழித்தல் அரிது. வரைவோ மணலிற் கீறிய கோடு; விரலாலே திருத்திவிடலாம். ஆகவே, ஊரவர் பேசவேண்டிய காலம் வரைவுக் காலமேயாகும்.

நெற்செய்கை புரியும் நம்மவர்க்கு இம்முறை புதியதன்று. பெரும்போகமோ சிறுபோகமோ தொடங்குமுன் கமக்காரர் கூடும் ஆரம்பக் கூட்டத்தை நினைவுகூர்க. குளத்திலுள்ள நீரின் அளவு, நீர் திறக்கும் நாள், விதைப்புக்குரிய எல்லை நாள், வேலியடைக்கும் நாள், கால்நடைகளை வயல்வெளியினின்று அகற்றும் நாள் ஆகிய யாவும் அங்கே முன்மொழியப்படுகின்றன; கமக்காரர் எழுந்து மறுத்துரைக்கின்றனர்; ஈற்றில் உடன்பாடு ஏற்பட்டபின் அம்முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்துகின்றது. நீர் திறந்தபின் வந்து, என் வயல் இன்னும் உழப்படவில்லை என்று முறையிடுபவனுக்கு எவரும் செவிசாய்ப்பதில்லை. நகர்த் திட்டத்தின் வரைவும் அத்தகையதே. வயலைப் பற்றிய கூட்டத்திற் பேசத் தெரிந்த நாம், ஊரைப் பற்றிய வரைவு வரும்போது வாளாவிருப்பதற்குக் காரணம், அவ்வரைவு நிலப்படமாகவும் கலைச்சொற்களாகவும் வந்து சேர்வதேயாகும். அந்நிலப்படத்தை வாசிக்கப் பயின்றவன் கட்டடக் கலைஞன். அவனுடைய கடமை இவ்விடத்தே தொடங்குகின்றது.

தமிழ்நாட்டு நகரங்களைப் பற்றி இத்துறையில் முதன்முதல் விரிவாக எடுத்துரைத்தவருள் ஸ்கொத்லாந்து நாட்டவரான பற்றிக் கெடிசு தலைசிறந்தவர். அவர் உயிரியல் அறிஞர். உயிர்களை நோக்கிய கண்ணாலேயே ஊர்களையும் நோக்கியவர். சென்னை ஆளுநராயிருந்த பென்ற்லாந்துப் பிரபுவின் அழைப்பின்பேரில் 1914 ஆம் ஆண்டிலே அவர் இந்தியாவுக்கு வந்தார். அவர் பல ஆண்டுகளாகத் திரட்டிய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் கடலில் மூழ்கடித்தது. சென்னைக் கரையிலே குண்டு பொழிந்து நம்மவர் வாயிற் பழமொழியாகிவிட்ட அதே எம்டன்தான் அது. கெடிசு தளர்ந்தாரல்லர். நண்பர்கள் விரைந்து திரட்டியனுப்பிய புதிய பொருள்களைக் கொண்டு 1915 சனவரியிற் சென்னையிலே கண்காட்சியை நடத்தினார். எச். வி. லாஞ்செசுற்றர் என்னும் கட்டடக் கலைஞரும் அவரோடு சேர்ந்து உழைத்தார்.

பின்னர்க் கெடிசு மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களுக்குச் சென்று அவ்வந் நகரசபைகளுக்கு அறிக்கைகள் எழுதினார். நெருக்கமான குடியிருப்புகளை இடித்து நேர்கோட்டு வீதிகள் அமைப்பதே சுகாதாரத்துக்கு வழியென அக்கால அதிகாரிகள் பலர் கருதினர். கெடிசு ஒவ்வோர் ஒழுங்கையிலும் நடந்து, எந்த வீடு பாழடைந்தது, எந்த மூலையில் மரமொன்று நடலாம், எவ்விடத்தே ஓரிரு சுவர்களை மட்டும் அகற்றினாற் காற்று வரும் எனக் குறித்துக்கொண்டார். உடலை வெட்டிச் சிதைக்காமல் நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கும் வைத்தியனின் முறை அது. அவ்வழியால் இடிபடும் வீடுகளும் சில; செலவும் அதிகாரிகளின் திட்டத்துக்கு ஆவதில் ஒரு சிறு பங்கே என அவர் கணக்கோடு காட்டினார்.

குளங்களைப் பற்றிய அவரது வாதம் நமக்கு மேலும் நெருங்கியது. நுளம்பு பெருகி மலேரியா பரவுகின்றதென்று ஊர்க்குளங்களைத் தூர்த்துவிடும் எண்ணம் அந்நாளில் வலுத்திருந்தது. கெடிசு அதனை வன்மையாக மறுத்தார். குளம் மாரிநீரைத் தாங்குகின்றது. கோடையிற் காற்றைக் குளிர்விக்கின்றது. அதனைத் துப்புரவாக்கி, நுளம்பின் கூத்தன்களைத் தின்னும் மீன்களை விட்டாற் கேடு நீங்கும் என்பது அவர் கூற்று. அவ்வறிக்கைகளிற் பல ஏட்டளவிலேயே நின்றன என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும், 1920 ஆம் ஆண்டிற் சென்னை மாகாணம் நகரமைப்புச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. 1921 இலே கெடிசு கொழும்பு நகருக்கும் ஒரு முன்னறிக்கை வரைந்தளித்தார். ஊரை முதலில் நடந்து காண்க, பின்னர் வரைக என்ற விதியை அவர் விட்டுச்சென்றார்.

கெடிசு ஆளுநரின் அழைப்பால் வந்தவர். எவரும் அழையாமலே, குடிமக்கள் என்ற உரிமையொன்றையே கொண்டு கட்டடக் கலைஞர் நகர்க் கொள்கையில் தலையிட்டு அதனை மாற்றிய நிகழ்ச்சியைப் பம்பாயிற் காண்கின்றோம். 1964 ஆம் ஆண்டிற் பம்பாய் மாநகராட்சி தன் அபிவிருத்தித் திட்ட வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்துகளைக் கோரியது. பம்பாய் தெற்கு வடக்காக நீண்டு கடலினாற் சூழப்பட்ட நிலம். அலுவலகங்கள் தென்முனையிலே குவிந்தன. உழைப்போரின் குடியிருப்புகளோ வடக்கு நோக்கி நீண்டுகொண்டே சென்றன. காலையில் எல்லோரும் தெற்கேயும் மாலையில் எல்லோரும் வடக்கேயும் புகைவண்டிகளில் நெருங்கிப் பயணஞ் செய்தனர். வரைவுத் திட்டமோ இந்நீட்சியை மேலும் வளர்ப்பதாகவே அமைந்தது.

அவ்வரைவை வாசித்தோருள் சாள்சு கொறியா, பிரவீணா மேத்தா என்னும் கட்டடக் கலைஞர் இருவரும் சிரிசு பட்டேல் என்னும் பொறியியலாளரும் இருந்தனர். அவர்கள் இவ்வரைவு தவறென்று கூறி அமைந்தாரில்லை. மாற்றுத் திட்டமொன்றை வரைந்து முன்வைத்தனர். துறைமுக விரிகுடாவுக்குக் கிழக்கேயுள்ள பெருநிலப்பரப்பிலே புதிய நகரொன்றை அமைத்து, அலுவலகங்களையும் அரச நிருவாகத்தையும் அங்கே ஈர்த்தால், ஒரே முனையில் வந்து மோதும் நெரிசல் பல மையங்களுக்குப் பிரிந்துவிடும் என்பது அதன் சாரம். அதற்குப் பொருள் எங்கே என்பார்க்கும் அவர்கள் விடை வைத்திருந்தனர். வயலாகவும் உப்பளமாகவும் இருக்கும் காலத்திலேயே அரசு அந்நிலத்தைக் கையகப்படுத்துக. தெருவும் நீரும் மின்சாரமும் வந்தபின் நிலத்தின் விலை உயரும். அவ்வுயர்வே நகரின் செலவை ஈடுசெய்யும் என்றனர்.

மார்க் என்னும் கலைச் சஞ்சிகை 1965 ஆம் ஆண்டில் இத்திட்டத்தை விரிவாக வெளியிட்டது. அவ்வேளையிற் பொருளியலறிஞர் காட்கில் தலைமையிலே மாநில அரசு அமைத்த குழுவும் நகரின் பெருக்கத்தைப் பரவலாக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஈற்றில் 1970 ஆம் ஆண்டிற் சிட்கோ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அபிவிருத்திக் கழகம் நிறுவப்பட்டது. ஏறத்தாழ 344 சதுர கிலோமீற்றர் நிலம் புதிய நகருக்கெனக் குறிக்கப்பட்டது. கொறியா 1974 வரை அதன் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பணிபுரிந்தார். இன்று நவி மும்பை எனப் பெயர்பெற்ற அந்நகரின் மாநகராட்சி எல்லைக்குள் 2011 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி 11 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். மூவர் எழுதிய ஆட்சேபம் ஒரு மாநகராக மலர்ந்தது எனின் மிகையாகாது.

ஆயினும், இக்கதையை இவ்விடத்தே நிறுத்திக் கைகொட்டுதல் அரைகுறை அறிவாகும். அரச தலைமை நிருவாகமும் சட்டசபையும் அக்கரைக்குச் செல்லவேண்டும் என்பதே மூவரது திட்டத்தின் உயிர்நிலை. அவை செல்லவில்லை. தென்முனையிலே கடலைத் தூர்த்து நிலமாக்கி, அங்கேயே மேலும் அலுவலகங்களை எழுப்பும் வேலையை அரசு தொடர்ந்தது. விரிகுடாக் கழியைக் கடக்கும் வீதிப்பாலம் 1973 இல் திறக்கப்பட்டபோதிலும், புகைவண்டி வாசிக்கு வந்து சேர்ந்தது 1992 இலேயாம். அறிவுரை கூறுவோன் கலைஞன். ஆணை பிறப்பிப்போர் வேறொருவர். திட்டத்தின் எளிய பகுதியை ஏற்று, அரிய பகுதியைத் தள்ளிவிடுதல் ஆட்சியாளரின் இயல்பு. ஆதலால், எப்பகுதி நீங்கின் திட்டம் முழுவதும் பயனிழக்கும் என்பதை மக்களுக்கு முற்கூட்டியே விளக்கிவைத்தல் கலைஞன் கடனாகின்றது.

இதனிலும் பெரிய குறையொன்று உண்டு. வரைபடத்திலே வெறுநிலம் எனத் தோன்றிய அக்கரை வெறுநிலமன்று. ஏறக்குறைய 95 கிராமங்கள் அங்கிருந்தன. நெல் விளைத்தோரும் உப்பு எடுத்தோரும் கழியில் மீன்பிடித்தோரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். நிலத்தை மலிவாகப் பெற்று விலையேற்றத்தாற் செலவை ஈடுசெய்தல் என்ற கணக்கு நகருக்கு இலாபமாயிற்று. நிலத்தை இழந்தோருக்கோ அவ்வேற்றத்திற் பங்கில்லை. மனக்குமைச்சல் வளர்ந்து 1984 சனவரியிற் பெருங்கிளர்ச்சியாக வெடித்தது. பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். அதன் பின்னரே, கையகப்படுத்திய நிலத்தில் 12.5 வீதத்துக்கு ஈடான, வசதிகள் செய்யப்பட்ட நிலத்தை உரியவருக்குத் திருப்பியளிக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அறிவாலும் நல்லெண்ணத்தாலும் சிறந்த மூவர் வரைந்த திட்டமே இத்தகைய துயருக்கு இடந்தந்ததெனின், அறிவும் நல்லெண்ணமும் மட்டும் போதா என்பது தெளிவாகின்றது. பம்பாய் மாநகராட்சியின் வரைவை அம்மூவரும் வாசித்தனர். அம்மூவரது வரைவை அக்கிராமத்தவர் வாசிக்கும் வாய்ப்பைப் பெற்றிலர்.

அவ்வாய்ப்பை அளித்த கட்டடக் கலைஞர் ஒருவர் நம் நாட்டிலேயே தோன்றினார். பம்பாய்த் திட்டத்தை வெளியிட்ட மார்க் சஞ்சிகையை 1946 இல் நிறுவியோருள் கண்டியைச் சேர்ந்த அனில் டி சில்வா, மினெற் டி சில்வா என்னும் சகோதரியர் இருவரும் அடங்குவர். மினெற் 1948 ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணையுறுப்பினரான முதல் ஆசியப் பெண்மணியாவார். 1950களின் பிற்பகுதியிற் கண்டி வத்தபுளுவையில் அரச ஊழியருக்கான 200க்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட குடியிருப்பை அவர் அமைத்தார். சிங்களவர், தமிழர், முசிலிம்கள் எனப் பல இனத்தவரும் அங்கே குடியேறவிருந்தனர். எல்லோர்க்கும் ஒரேவகை வீட்டை வகுத்துவிடாமல், அவர்தம் குடும்ப அமைப்பு, சமையல் முறை, வழிபாடு, வருவாய் ஆகியவற்றை வினாக்கொத்து மூலமும் நேரிற் பேசியும் அறிந்தார். அதன்பின்னரே வெவ்வேறு வீட்டு வகைகளை வரைந்து, அவரவர் தமக்கேற்றதைத் தெரிந்துகொள்ள விட்டார். நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் நின்ற மரங்களையும் இயன்றவரை காத்தார். கேட்டபின் வரைதல் என்னும் இம்முறை காலத்தை வீணாக்கும் என்பார் உளர். வரைந்தபின் இடித்தல் அதனினும் காலத்தையும் பொருளையும் வீணாக்கும் என்பதே அவர்க்கு மறுமொழி.

கேளாது கீறிய கோட்டின் விளைவை மட்டக்களப்பு மாவட்டம் தன் கண்முன்னே கண்டது. 2004 டிசம்பர் 26 ஆந் தேதிய ஆழிப்பேரலைக்குப் பின்னர், கடற்கரையோரத்தில் வீடமைத்தலைத் தடுக்கும் எல்லையொன்று அறிவிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். மீண்டும் உயிர்கள் மாளலாகாது என்ற நோக்கம் நல்லதே. ஆயின், எழுவான்கரையிலே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் பல இடங்களில் மிகவொடுங்கியது. அங்கே 200 மீற்றரைக் கழித்தால் எஞ்சுவது எவ்வளவு? நிலத்தின் உயரமென்ன, மணற்குன்று உண்டா, தாழை உண்டா, வள்ளத்தை எங்கே ஏற்றுவது, வலையை எங்கே காயவைப்பது என்பனவற்றை ஒரே அளவான கோடு கணக்கிலெடுப்பதில்லை. வல்லுநர் பலரும் குடிமக்கள் அமைப்புகளும் இதனை எடுத்துக்கூறினர். 2006 ஆம் ஆண்டளவிலே அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. அதற்குள் நாவலடி போன்ற இடங்களின் மக்கள் தம் தொழிலிடத்தை விட்டு வேற்றிடங்களிற் குடியமர நேர்ந்தது. கோடு திருந்திற்று, பெயர்ந்த வாழ்வு அவ்வளவு எளிதிலே திருந்துமா?

இனி வாவியைக் கடந்து படுவான்கரைக்கு வருவோம். வெல்லாவெளி நகரமன்றே, அதற்கு நகர்க் கொள்கை எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். நகரமான பின் திட்டமிடுதல், நெல் முற்றியபின் வரம்பு கட்டுவதை ஒக்கும். பட்டிருப்புப் பாலத்தின் வழியே களுவாஞ்சிகுடியோடு தொடர்புகொள்ளும் இப்பற்றிலே, பாதைகள் செப்பமாகச் செப்பமாகச் சந்திகள் கடைத்தெருக்களாகின்றன. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டபின் படுவான்கரையின் வடபகுதி அடைந்த மாற்றத்தை நாம் அறிவோம். நெடுங்காலம் ஓடமே பாலமாயிருந்த குருமண்வெளி, மண்டூர்த் துறைகளையும் எண்ணுக. போக்குவரத்து எளிதாகும்தோறும் நிலத்தின் விலை ஏறும். விலையேறும்தோறும் தாழ்நிலம் நிரப்பப்படும். நிரப்பப்படும்தோறும் நீர் வேறிடந் தேடும்.

நீர் எங்கே செல்லும் என்பதை இப்பற்றின் முன்னோர் அறிந்திருந்தனர். அவர்கள் நிலப்படம் கீறவில்லை, பெயரிட்டனர். வெல்லாவெளி என்பதில் வெளி உண்டு. பாலையடிவட்டையில் வட்டை உண்டு. தும்பங்கேணியிற் கேணி உண்டு. முனைத்தீவிலும் போரதீவிலும் முனையும் தீவும் உண்டு. வெளியும் வட்டையும் நெல் விளையும் தாழ்ந்த பரப்பைச் சுட்டுவன; கேணி நீர் தங்குமிடம்; தீவும் முனையும் வெள்ளம் சூழும்போதும் தலைநிமிர்ந்து நிற்கும் மேடு. எங்கே குடியிருக்கலாம், எங்கே பயிரிடலாம், எங்கே நீருக்கு இடம்விடவேண்டும் என்ற செய்தி ஊர்ப்பெயர்களிலேயே பொதிந்துகிடக்கின்றது. 1957 டிசம்பர் வெள்ளத்தையும் 2011 சனவரி வெள்ளத்தையும் கண்டவர்க்கு இதன் உண்மை விளங்கும்.

இங்கே நகர்க் கொள்கையின் முதல் வினா மாடிகளின் உயரம் பற்றியதன்று. மதகுகளின் எண்ணிக்கை பற்றியது. வயல்வெளியின் குறுக்கே வீதியொன்றை உயர்த்தும்போது அது தன்னையறியாமலே அணையாகிவிடுகின்றது. போதிய மதகுகள் இல்லையேல் ஒருபுறம் வெள்ளம் தேங்கும். மறுபுறம் வறட்சி தோன்றும். வீதியோரத்திற் கடை கட்டுவோர் ஒவ்வொருவரும் தத்தம் முன்னேயுள்ள வாய்க்காலை மூடினால், ஒருவர் மூடியதாற் கேடில்லை. எல்லோரும் மூடியதால் ஊர் மூழ்கும். குடியேற்ற வீடுகள் ஒரேவகை வரைபடத்தின்படி வரிசையாக எழும்போது, நெல்லைக் காயவைக்கும் முற்றத்துக்கும், மாட்டுப்பட்டிக்கும், காட்டியானை வரும் வழிக்கும் இடமுண்டா என வினவவேண்டும். இவற்றுட் பல பிரதேச சபையிலும் பிரதேச செயலகத்திலும் முடிவாகும் காரியங்கள். அங்கே அறிவோடும் வரைபடத்தோடும் சென்று பேசுவார் ஒருவர் இருத்தல் வேண்டும்.

அவ்வாறு பேசப்புகும் கட்டடக் கலைஞன் கைக்கொள்ளவேண்டிய ஒழுக்கம் யாது? மேற்கூறிய வரலாறுகளினின்று சில விதிகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, வரைவு வரைவாக இருக்கும்போதே வாசித்தல். இரண்டாவது, மறுப்போடு நில்லாது மாற்றையும் வரைந்து, அதற்காகும் செலவையும் காட்டுதல். மூன்றாவது, நிலப்படத்தின் மொழியை ஊரவர் மொழியில் விளக்குதல். கட்டடக் கோடு, வீதிக் கோடு, நிலப்பயன்பாட்டு வலயம் என்னும் சொற்கள் ஒருவனது வளவில் எத்தனை முழத்தைக் கொள்ளும் என்பதை வேலியருகே நின்று காட்டவேண்டும். நான்காவது, தன் மாற்றுத் திட்டத்தையும், அது எவரது நிலத்தின்மேல் விழுகின்றதோ அவர்முன் வைத்து, அவர் மறுப்பைக் கேட்டல். ஐந்தாவது, தனக்கு அதனால் வேலையோ ஊதியமோ கிடைக்கக்கூடுமாயின் அதனை வெளிப்படையாகக் கூறுதல். பொதுநலம் பேசும் வாய் தன்னலத்தை மறைக்குமாயின், மெய்யான அறிவுரையும் நம்பிக்கை இழந்துவிடும்.

இவ்விதிகளுள் ஐந்தாவதைப் பற்றிச் சிலர் ஐயுறுவர். கட்டடக் கலைஞர் தம் தொழிலைப் பெருக்கவே ஊராட்சியிற் புகுகின்றனர் என்பது அவர் குற்றச்சாட்டு. அது முற்றும் பொய்யென மறுத்தலாகாது. ஆயின், மருந்துக்கு விலையுண்டு என்பதற்காக வைத்தியன் கொள்ளைநோயைப் பற்றி ஊரை எச்சரிக்கலாகாதா? 1957 ஆம் ஆண்டிலே தோன்றி இன்று இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் என விளங்கும் அமைப்புப் போன்ற தொழிற்கழகங்களின் வாயிலாகக் கூட்டாக அறிவுரை வழங்கின், தனியொருவரது நன்மை என்ற ஐயம் பெரும்பாலும் நீங்கும்.

கட்டடக் கலைஞர் எல்லா ஊர்களிலும் வாழ்வதில்லை. அவர் வரும்வரை ஊர் காத்திருக்கவேண்டியதுமில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, பொது அதிகாரசபை எதனிடமிருந்தும் திட்டங்கள் பற்றிய தகவலைக் குடிமகன் எழுத்தாற் கேட்டுப் பெறலாம். ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் இதனைக் கற்பிக்கலாம். புவியியல் பயிலும் மாணவர் தத்தம் கிராமத்தின் மதகுகளையும் வாய்க்கால்களையும் எண்ணி, வெள்ளம் ஏறிய மட்டத்தை மூத்தோரிடம் கேட்டுச் சுவரிலும் மரத்திலும் குறித்து, அவற்றை ஒரு தாளில் வரைந்தால், அதுவே ஊரின் முதல் நிலப்படமாகும். எந்த வட்டை எப்போது மூழ்கியது என்பதைப் பழுகாமத்து முதியவர் ஒருவரும் மண்டூர்க் கமக்காரர் ஒருவரும் அறிந்த அளவுக்கு, வெளியூரிலிருந்து வரும் வல்லுநர் அறியமாட்டார். அவ்வறிவு தாளில் ஏறாதவரை சபையில் அது சான்றாக மாட்டாது.

பம்பாய் வரைவுக்கு மூவர் விடை எழுதினர். ஒரு நகரம் எழுந்தது. அந்நகரின் நிலத்துக்கு உரியவர் விடை எழுதும் வாய்ப்பைப் பெற்றிலர். ஐந்து உயிர்கள் மாய்ந்தன. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்வோமாக. கலைஞனின் எழுதுகோலும் கமக்காரனின் சொல்லும் ஒரே தாளில் ஒன்றுசேருங்கால், நகர்க் கொள்கை என்பது எங்கோ வரைந்து நம்மேற் போடப்படும் கோடாகாது. ஆரம்பக் கூட்டத்தில் நாமே எழுந்து பேசி முடிவுசெய்யும் நீர்முறைபோல, நமக்கு நாமே வகுத்துக்கொண்ட ஒழுங்காகும். அவ்வொழுங்கைக் காக்க ஊரவர் எவரும் பின்னிற்கமாட்டார்.